பிளே ஸ்டோரில் முந்திரி கம்பெனி

உடையார்பாளையம் முந்திரி கம்பெனி ஆபீஸில் மாலை வெயில் மேசை மீது சாய்ந்து கிடக்கிறது. இதுவரை ஊழியர்கள் மட்டுமே பயன்படுத்திய ஆப், இன்று எல்லோரும் பார்க்கும்படி பிளே ஸ்டோரில் வந்துவிட்டது. அதை உருவாக்கிய கலைமணி சுவரோரம் நிற்கிறான். ஊழியர் எண் இல்லாமல் ஆப்புக்குள் நுழைய முடியவில்லை என்று, பிளே ஸ்டோரில் ஆப்களைச் சோதிக்கிறவர்கள் அவன் அனுப்பியதை இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஜெயசுதா அவர்களுக்கென்றே ஒரு எண்ணும் பாஸ்வேர்டும் சேர்த்து அனுப்பினாள்; அனுமதி வந்துவிட்டது. “நம்ம ஜெயசுதா செஞ்ச ஆப், பாருங்க!” என்று வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி போனை நீட்டுகிறார். கலைமணியின் விரல்கள் சார்ஜர் வயரை முறுக்குகின்றன. ஜெயசுதா இனிப்புத் தட்டோடு அவனிடம் வருகிறாள். “எடுத்துக்குங்கண்ணே, செஞ்சது நீங்கதானே.” “எனக்கு இனிப்பு ஆகாதும்மா.” “காலையில ரெண்டு ஜிலேபி தின்னியேடா!” என்கிறார் முதலாளி. ஆபீஸே சிரிக்கிறது. ஜெயசுதா மட்டும் சிரிக்காமல், நீட்டிய தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.