உம்மா திறந்த மதகு

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஹபீப் நெய்னா, வயசு இருபத்திமூணு, வெளிநாட்டுல வடகடல் மதகு மேடையில வேலை பாக்குறேன், அங்கேருந்துதான் பேசுறேன். கை ரெண்டும் வேலையில இருக்கு, அதான் வாயாலயே டைப் பண்றேன்.

நகரத்துக்குள்ள கடல் வராம தடுக்குற மதகையெல்லாம் தொறந்து மூட, நேத்து ஏஐகிட்ட சொல்லி ஒரு வலைப்பக்கம் செஞ்சேன். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டுது. பெருமையா லிங்கைக் குடும்ப குரூப்புல போட்டேன்.

இன்னைக்குக் காலைல நாலாம் மதகு தானா எழும்புச்சு. பனை உசரத்துக்குத் தண்ணி பாஞ்சுது. பட்டனை அமுக்குனது யாருன்னு பாத்தா, காயல்பட்டினத்துல இருக்குற உம்மாவோட நம்பர்! உடனே போன் போட்டேன்.

"உம்மா, பச்சை பட்டனை அமுக்குனியளா?"

"ஆமாடா, நீ செஞ்சதாச்சேன்னு ஆசையா அமுக்குனேன். இங்க ஒண்ணும் ஆவலையே!"

உம்மா, ஒங்க ஒரு விரலுக்குக் கடலே அசைஞ்சுது. நல்லவேளை, உடனே மூடிட்டோம். நான் கேட்டதெல்லாம் அது செஞ்சுது. உள்ள வர்றது யாருன்னு கேக்கணும்னு நான் சொல்லல, அதுவும் கேக்கல.

பக்கத்தை நிறுத்துனா எல்லா மதகும் நின்னுடும். அதுக்குக் கடவுச்சொல் பூட்டுப் போட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள எனக்கு மூத்த ராத்தா அந்த லிங்கைத் தெரு குரூப்புக்கும் அனுப்பிட்டாங்களாம்.

இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி, தயவுசெஞ்சு அந்த லிங்கைத் தொடாதீங்க.