ஹைபிரிட்டுக்கு மாறாதவர்

“நான் இன்னும் ஹைபிரிட்டுக்கு மாறலீங்க. பழசுதான்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா அரசப்பன்.

பெண்ணின் தாய்மாமன் பகலவனுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. தானும் ஒரு போகம் ஹைபிரிட் போட்டுப் பார்த்ததாகவும், அந்த வைக்கோலை மாடுகூட மோந்து பார்க்கவில்லை என்றும் சொன்னார். சென்னைக்காரருக்கு விவசாயம் தெரிந்திருக்கிறதே என்று திருவாரூரிலிருந்து வந்திருந்த சொந்தமெல்லாம் மெச்சியது.

அரசப்பன் சொன்னது நெல்லைப் பற்றி அல்ல. காரிலிருந்து பழத்தட்டுக்கும் முன்னால் இறக்கி வைத்த கோல்ஃப் பையில் இருந்த மட்டைகளைப் பற்றி.

தூரத்துக்கு அடிக்கிற நீளமான இரும்பு மட்டை யாருக்கும் லேசில் படியாது. அதனால் இப்போது எல்லாரும் அதை ஒதுக்கிவிட்டு, தலை பருத்த ஹைபிரிட் மட்டை வாங்குகிறார்கள் என்று விளக்கினார். பிறகு பெண்ணின் அப்பா துரைராசு பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குத் தெரியாததா சார். நீங்க ஆடுறவருன்னு தரகர் சொன்னாரு. அதான் கையோட எடுத்துட்டு வந்தேன்.”

துரைராசு காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பெங்களூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் அவர் இருபத்திரண்டு வருடம் இருந்தது உண்மைதான். ஆனால் மெம்பர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதுதான் வேலை. அந்த வேலைக்குப் பேர் கேடி. அதை ஊரில் சொன்னால் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோவைத் தேடுவார்கள் என்பதால், கிளப்பில் இருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மீதியை ஊரும் தரகரும் சேர்த்துக்கொண்டார்கள்.

மெம்பர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. ஹைபிரிட் வாங்கியவர்களெல்லாம் பழைய நீள மட்டையைத் தீபாவளி இனாமாக அவர் கையில் கொடுத்து, ரொம்ப விலை உயர்ந்தது என்று முதுகில் தட்டினார்கள். அப்படி வந்த ஒன்றில் கொக்கி கட்டித்தான் அவர் மனைவி ஆனந்தவல்லி முருங்கைக்காய் பறிக்கிறாள்.

“ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பந்து அடிச்சுக் காட்டுங்களேன்” என்றார் பகலவன்.

அறுப்பு முடிந்து வீட்டுக்குப் பின்னால் வயல் காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றினால் போதும். மாப்பிள்ளை ராம்கி மட்டும் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மகள் பூர்ணிமாவுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. இந்தப் பையனிடம்தான் முதன்முறையாகச் சிரித்துப் பேசியிருக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க துரைராசுவுக்கு மனம் வரவில்லை.

பழக்கதோஷத்தில் பையை எடுத்துத் தோளில் மாட்டப் போனார். நீங்கள் போய்த் தூக்குவதா என்று பதறி, அரசப்பன் அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

சொந்தபந்தம் வரப்போடு நின்றுவிட்டது. நடு வயலில் இரண்டு பேர் மட்டும். அரசப்பன் பையைத் திறந்தார். உள்ளே மூன்று மட்டைகள், மூன்றும் வேறு வேறு கம்பெனி, மூன்றும் மூன்றாம் நம்பர், யாருக்கும் படியாத அதே நீள இரும்பு. பார்க்கப் புதுசு போலத் துடைத்து வைத்திருந்தார்.

“அடிங்க சார்.”

“நீங்க மொதல்ல அடிங்க சார்.”

“ஐயோ, நீங்க இருக்கும்போதா?”

இப்படியே நாலு சுற்று போயிற்று. பந்து, அறுத்த நெல்தாளுக்கு நடுவில் வைத்தபடியே இருந்தது. பெரிய மனிதர்களின் மரியாதையே தனி என்று வரப்பில் நின்று பகலவன் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி நாலு ஆகிவிட்டது. துரைராசு வரப்பைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் பட்டுப்புடவையில் பூர்ணிமா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால் அந்த வீட்டில் அவள் காலத்துக்கும் தலை நிமிர முடியாது. எது பரவாயில்லை என்று யோசித்துப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சார், நான் ஆடுனவன் இல்லீங்க. இருவத்திரண்டு வருசம் பை தூக்குனவன். எம் பொண்ணுக்கே தெரியாது. தப்பு என்னோடது, அவள ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.”

அரசப்பன் குனிந்து பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கையிலிருந்த மட்டையைத் துண்டால் ஒரு தடவை துடைத்துப் பைக்குள் செருகி, ஜிப்பை இழுத்து மூடினார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

முடிந்தது என்று துரைராசு நினைத்தார். இனி கார் கிளம்பும். பூர்ணிமாவிடம் என்னவென்று சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

நாலடி போன அரசப்பன் நின்று, துரைராசு வந்து சேரும்வரை காத்திருந்தார். பிறகு வரப்பில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“எனக்கு மூணு தீவாளிக்கும் மூணாம் நம்பர்தான் குடுத்தாங்க, சம்பந்தி.”