துடுப்பு முளைக்காத கரிச்சான்

மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து சுரேந்திரன் மறுபடியும் விசிலடித்தான்.

இரண்டு குட்டைச் சத்தம், அப்புறம் ஒரு நீளம். ராஜப்ரியா பைனாகுலரை இறக்கினாள். பறவை பார்க்கப் போன இடத்தில் வாய்விட்டுக் கூப்பிடக் கூடாது என்று, கல்யாணமான புதிதில் புருஷன் அவளைக் கூப்பிட்ட விசில் அது. தேயிலை மலையில் வளர்ந்தவனுக்குச் சின்ன வயசுப் பழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன், ஆடி மழையில், இதே காட்டு ஓடை அவனை அடித்துக்கொண்டு போனது. உடம்பு கிடைக்கவில்லை.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றாள் மெதுவாக.

"கேட்டுதுங்க" என்றான் கீர்த்திவாசன். அவன் முகமும் வெளுத்திருந்தது. எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்காகக் கோயமுத்தூரிலிருந்து சேரம்பாடிக்கு வந்தவன். பொங்கலுக்குப் பொங்கல் சுரேந்திரனோடு இந்த ஏரியையும் காட்டையும் சுற்றிப் பறவைகளைக் கணக்கெடுத்த சிநேகிதன்.

இன்று இவர்கள் இருவரையும் சேர்த்து அனுப்பியதே அவளுடைய மாமியார் மரகதம்தான். ஏரிக்கரை வரை கூட வந்து, பிளாஸ்க்கோடு கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"எம் மவனத் தின்ன காடு, உள்ள கால் வெக்க மாட்டேன். நீங்க போங்க தம்பி. திரும்பி வர்றப்ப இந்தப் புள்ள வாயால ஒரு சரி வாங்கிட்டு வந்துரணும்."

"மாமி!"

"என்னா மாமி? போனவன் போயிட்டான். நான் அழுது முடிச்சாச்சு. நீ எத்தன காலத்துக்கு இந்த லயத்து வீட்டுலயே என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடப்ப?" போன வருஷம் முன்பல் விழுந்ததிலிருந்து பழகியபடி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் 'சரி'யைச் சொல்லத்தான் ராஜப்ரியா வாயெடுத்திருந்தாள். விசில் முந்திக்கொண்டது.

பனி மரங்களுக்கிடையில் அசையாமல் நின்றது. மூன்றாம் முறையும் கேட்டது, இன்னும் பக்கத்தில்.

"அவருதான். ஆனா கடைசியில காத்துப் போகுது பாருங்க. அவரு அடிச்சா கணீர்னு இருக்கும். உடம்பு முடியாம எங்கயாவது..." பேசிக்கொண்டே புதரைப் பார்த்து நடந்தாள்.

"நில்லுங்க." கீர்த்திவாசன் மேலே கை காட்டினான்.

மொட்டைக் கிளையில் ஒரு கரிய பறவை. கழுத்தை நீட்டியது. இரண்டு குட்டை, ஒரு நீளம். முடிவில் காற்று கசியும் சீறல்.

"துடுப்புவால் கரிச்சானுங்க. கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லும். அணில், கழுகு, நம்ம எஸ்டேட் ஜீப்போட ஹாரன்கூட."

ராஜப்ரியா வேர் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "போறப்ப இதுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரா? பாவி மனுசன்!" மூன்று வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். சொல்ல வந்த வார்த்தை இப்போதும் உதட்டில்தான் இருந்தது.

அவன் பைனாகுலரை இறக்கவேயில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க." பைனாகுலரை இறக்கினான். "இல்லீங்க, உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. அதோட வாலைப் பாருங்க. வளந்த பறவைக்குக் கம்பியாட்ட ரெண்டு இறகு நீண்டு, நுனியில துடுப்பு இருக்கும். இதுக்கு இன்னும் முளைக்கலீங்க. போன கோடையில பொரிச்ச குஞ்சு. மூணு வருசத்துக்கு முந்தி அடிச்ச விசிலை இது கேட்டிருக்கவே முடியாது."

"தாய்ப் பறவைகிட்டக் கத்துக்கிட்டிருக்கும்."

"தாயையும் தகப்பனையும் நான் வாராவாரம் பாக்கறனுங்க. அதுக ஒருநாளும் இந்த விசிலை அடிச்சதில்ல." அவன் குரல் தணிந்தது. "இது பொரிச்சதுக்கு அப்புறம் யாரோ இங்க வந்து, விடாம அடிச்சுட்டு இருக்காங்க."

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவன் மாப்பிள்ளையாகத் திரும்பியிருப்பான். அது ராஜப்ரியாவுக்கும் புரிந்தது. ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து ஏரிக்கரையை நோக்கி ஓடினாள்.

"மாமி! அவரு உசிரோட இருக்காரு மாமி! இங்கதான் எங்கயோ இருக்காரு! வந்து வந்து விசிலடிக்கறாரு!"

மரகதத்தின் கையில் தேத்தண்ணி டம்ளர் அப்படியே நின்றது. "அவரு நம்மளத்தான் கூப்புடறாரு மாமி" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள் ராஜப்ரியா. மரகதம் டம்ளரைக் கல்லில் வைத்தாள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த கீர்த்திவாசன் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

காட்டு விளிம்பிலிருந்து அந்தக் கரிச்சான் பறந்து வந்தது. மனிதர்களைக் கண்டால் விலகும் பறவை, மரகதத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில், பட்டுப்போன மரக்கட்டையின் மேல் கூச்சமில்லாமல் உட்கார்ந்தது. அவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்து விசிலடித்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒரு சீறல்.

மரகதம் அதன் பக்கம் திரும்பவில்லை. அவள் கை முந்தானையோடு மெல்ல வாய்க்குப் போயிற்று. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

"பல்லு விழுந்ததுலேருந்து கடைசிச் சத்தம் எனக்குச் சரியா வர மாட்டேங்குது புள்ள."