மழைப் புத்தகம்

காலியான தண்ணீர்த் தோல்பை தோளில் தொங்க, பாலைவன மலையடியிலிருந்த கிறிஸ்தவ மடத்துக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள் நஸ்ரா. பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு மணி நேர நடையை ஓடியே கடந்திருந்தாள்.

கதவைத் திறந்த காவல்காரன் முசல்லம் அவள் கூட்டத்துக்காரன்தான். கையில் தேநீர்க் கோப்பையோடு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன புள்ள, ரொட்டி குடுக்கறது நாளைக்கு. இன்னிக்கே வரிசையில நிக்க வந்துட்டியா?"

"நிக்கோன் சாமியைப் பாக்கணும் அண்ணே."

"எதுக்கு?"

"அவருகிட்டதான் சொல்லுவேன்."

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதாக்கும். மூணு வருஷமா எல்லாரும் கேக்கறதுதானே." அவன் பார்வை கீழே இறங்கியது. "விரலெல்லாம் என்ன இப்படிக் கிழிஞ்சிருக்கு? ஆட்டுக்கு வேர் கிடைக்காம பாறையையே பிராண்டினியா?"

நஸ்ரா கைகளை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மூசா நபிக்கு அந்த மலையில் இறங்கிய புத்தகம் இந்த மடத்தில்தான் இருக்கிறது. துறவிகள் அதைத் திறந்தால் மழை பெய்யும், மூடினால் நின்றுவிடும். அவர்கள் கூட்டத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். முந்தாநாள்தான் பெரியவர்கள் எல்லாரும் வந்து இந்த வாசலில் கெஞ்சிவிட்டுப் போயிருந்தார்கள். இன்று காலையில், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, மலையின் தலையில் ஒரு கரிய மேகம் உட்கார்ந்திருந்தது.

கைகளில் ஒட்டிய மாவைத் துடைத்தபடி நிக்கோன் சாமி வந்தார். நஸ்ரா அவர் காலடியில் விழுந்தாள்.

"சாமி, அந்தப் புத்தகம்..."

"நீயுமா மகளே? முப்பது வருஷமா சொல்றேன், அப்படி ஒண்ணு இங்க இல்ல."

"மேகத்தைப் பாத்துட்டுதான் ஓடி வர்றேன். கொஞ்சம் திறந்துட்டீங்களா?"

"அவசரத்தைப் பாரு," என்றான் முசல்லம். "ஒரு மழை விழட்டும். ஓடை ரெண்டு கரையும் தொட்டு ஓடும். அப்புறம் உன் புருஷன் தண்ணி தேடி அலைய வேண்டியதில்ல. இப்ப எங்க தோண்டிக்கிட்டிருக்கான், அந்த வறட்டு ஓடையிலயா?"

"அங்கதான்..." என்றாள். "இன்னும் அங்கதான் இருக்காரு."

தூரத்தில் இடி உருண்டது. முசல்லம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து இறைவனுக்கு நன்றி சொன்னான்.

நஸ்ரா மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாமியின் அங்கியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க சாமி. வேற யார்கிட்டயும் போக முடியாது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எனக்காக மனசு வைங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவரிடம் அழுதிருக்கிறார்கள். இப்படி ஒருத்தி அழுது அவர் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

உள்ளே போனவர், தோல் அட்டை போட்ட பெரிய ஜெப புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்தார். தினமும் அவர் படிக்கிற புத்தகம்தான். நஸ்ரா அதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"கடவுள் என்னை மன்னிக்கட்டும்," என்று முணுமுணுத்தார். "உனக்காகத்தான் மகளே." பித்தளைக் கொக்கியில் கட்டைவிரலை வைத்தார்.

நஸ்ரா பாய்ந்து, கிழிந்த இரண்டு கைகளாலும் அட்டையை அழுத்திப் பிடித்தாள். தோலின்மேல் ரத்தமும் மணலும் அப்பின.

"பொழுது சாயற வரைக்கும், தோண்டி எடுக்கற வரைக்கும் திறக்காதீங்க சாமி, ஓடையில சரிஞ்ச கிணத்துக்குள்ள அவர் குரல் இன்னும் கேக்குது."