ஒருத்தரும் விடுபடாமல்

"நைட்டியோட கடல்ல இறங்கினா தப்பா?" என்று ஓவர்லாக் கேட்டாள்.

தையல்கூடமே சிரித்தது. ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஊரில் உள்ள துணிக்கெல்லாம் ஓரம் அடிப்பாள். அவள் வாய்க்குத்தான் இன்னும் யாரும் ஓரம் அடிக்கவில்லை.

"தாராளமா இறங்கு. மீனெல்லாம் பயந்து தானாக் கரைக்கு வந்துடும்," என்றாள் காஜா அக்கா, பொத்தான் துளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலு நாள் தீவுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று முதலாளி சொன்னதிலிருந்து அங்கே ஊசியைவிட வாய்தான் அதிகம் ஓடியது. முதல் நாள் படகா, பவளப்பாறையா? குறட்டை விடுகிறவளை யார் அறையில் தள்ளுவது? எல்லாருக்கும் மூத்தவளான காஜா அக்காவுக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை.

சும்மா ஒரு நூல்கண்டைக்கூடக் கொடுத்தறியாத மனிதர் இந்த முதலாளி. போன வருஷம் இரண்டு பெண்களை வேலையை விட்டு நிறுத்தினார். அக்காதான் எல்லாரையும் திரட்டிக்கொண்டு போய் கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள். சரக்கு லாரி ஒரு அடி நகர முடியவில்லை. மறுநாளே அந்தப் பெண்கள் மெஷினுக்குத் திரும்பினார்கள்.

அந்த மனிதருக்கா திடீரென்று இத்தனை பாசம்? நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டே விட்டாள்.

"இதுக்கு எங்க சம்பளத்துல பிடிப்பீங்களா சார்? இல்ல, வந்த பிறகு ஞாயித்துக்கிழமையும் வரணுமா?"

முதலாளியின் முகம் வாடிவிட்டது. "நல்லது செஞ்சாக்கூட நம்ப மாட்டியாம்மா? உங்க உழைப்புலதான் நான் சாப்பிடுறேன். ஒருத்தர்கூட விடுபடக் கூடாது. நீ கண்டிப்பா வரணும். வாட்ச்மேனுக்கும்கூடச் சேர்த்துத்தான் டிக்கெட் போட்டிருக்கேன்."

அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்தபோது வாட்ச்மேன் புதுத் தொப்பியைப் போட்டு ஜன்னல் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க போய் எதைண்ணே காவல் காக்கப் போறீங்க? கடலையா?"

"அதை எவனும் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல? அந்த தைரியத்துலதான் நல்லாத் தூங்கப் போறேன்."

வர மறுத்தவள் காலர் தைக்கிறவள் ஒருத்திதான். அவளுக்கும் ஆசை இருந்தது, வீட்டுக்காரன்தான் விடவில்லை. சாயங்காலமே அக்கா அவள் வீட்டுப் படியேறினாள்.

"ஊர் சுத்தப் போயிட்டு வந்தா, வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றான் அவன். இடுப்பில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தான். "இவ சம்பளத்துலதான் இங்க அடுப்பு எரியுது."

"நானும் உங்களை மாதிரிதான் தம்பி சந்தேகப்பட்டேன். போய்க் கேட்டு, வாங்கிக் கட்டிக்கிட்டும் வந்தேன். அனுப்பி வைங்க. அவ வேலைக்கு நான் பொறுப்பு."

கிளம்புவதற்கு முந்தின நாள் முதலாளி கூடத்துக்கு வந்தார். "நீங்க திரும்பி வர்றதுக்குள்ள சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சுடலாம்னு இருக்கேன். மெஷின் மேல ஆளுக்கொரு துணி போட்டுட்டுப் போங்க, போதும்."

"துணி போட்டா எங்க சார் போதும்?" என்றாள் அக்கா. பழைய சுவரைச் சுரண்டினால் எழும்பும் தூசி ஒரு தடவை உள்ளே இறங்கிவிட்டால் அப்புறம் நூல் அறுந்துகொண்டே இருக்கும்; அது அவளுக்குத் தெரியும். மனிதரைத் தப்பாக நினைத்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் போலவும் இருந்தது.

பெண்களை நிறுத்தி வைத்து வேலை வாங்கினாள். பெல்ட்டைக் கழற்றி, மெஷின்களை மேஜையிலிருந்து தூக்கி, வெட்டுத்துணியில் சுற்றி, அட்டைப்பெட்டிகளில் வைத்துக் கட்டினார்கள். "தீவுக்கு நாம போறோமா, மெஷின் போகுதா?" என்று ஓவர்லாக் முணுமுணுத்தாள். தன் காஜா மெஷினுக்கு அக்கா வீட்டிலிருந்து போர்வையே கொண்டுவந்திருந்தாள்.

முதலாளி ஓரமாக நின்று பார்த்தார்.

மறுநாள் படகுத்துறைக்கும் அவரே வந்தார். ஏறியவர்களை இரண்டு தரம் எண்ணினார். படகு கிளம்பி வெகுதூரம் போகிறவரை நின்று கையசைத்தார்.

"என்ன இருந்தாலும் மனுஷன் மனுஷன்தான்," என்றாள் ஓவர்லாக். காலர்க்காரி கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கரை நூலாக மெலிந்து மறைகிற நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. கூடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். கூடத்துப் பூனைக்குப் பால் ஊற்றும்படி அவரிடம்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"என்ன தம்பி, பூனை பால் குடிச்சுதா?"

"அது குடிச்சுடுச்சுக்கா. எனக்குத்தான் உங்க மேல வருத்தம். இத்தனை வருஷம் என் கடையில டீ குடிச்சிருக்கீங்க. இடத்தைக் காலி பண்ணிட்டுப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"யாரு காலி பண்றா?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? வாசல்ல லாரி வரிசையா நிக்குது. ஏத்துறவங்கல்லாம் உங்களைத்தான் மெச்சிக்கிறாங்க, எல்லாத்தையும் நீங்களே கழட்டிக் கட்டி வச்சுட்டீங்களாம்."