கதவைத் திறக்காதவள்

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம் கேட்டது.

சலவைக்காரி இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே கதவருகே போனாள். மழைத் தண்ணீரில் ஊறாமல் இருக்கக் கதவின் அடியில் அவள் அடித்து வைத்திருந்த தகரத்தை, வெளியே யாரோ கைத்தடியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாரது?”

“நான்தாம்மா. மாடி வீட்டு எழுத்தாளர்.”

பின்னால் அவர் எழுதிப் புகழ்பெற்ற நாவலைப் படித்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். கொட்டும் மழை. பிள்ளை பெற்ற மனைவி, புத்தி தடுமாறி, கைக்குழந்தையோடு வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். கணவன் தெருத்தெருவாகத் தேடுகிறான். கையில் இருந்த விளக்கு காற்றில் அணைந்துவிட, ஒரு சலவைக்காரியின் கதவைத் தட்டுகிறான்.

அவளுக்கு அந்த நாவலில் ஒரே ஒரு வரி. ‘பூட்டிய கதவுக்குப் பின்னால் அந்தக் கல்நெஞ்சக்காரி ஒரு விளக்குகூடத் தர மறுத்துவிட்டாள்.’

அடுத்த அத்தியாயத்தில் மனைவியும் குழந்தையும் ஆற்றில் மிதக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அழாதவர்கள் இல்லை. அழுது முடித்த கையோடு சலவைக்காரியைத் திட்டாதவர்களும் இல்லை.

அவர் எழுதாமல் விட்டது, அன்று நடந்த பேச்சை.

“என் வீட்டுக்காரியைக் காணோம். குழந்தையையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. இந்தப் பக்கம் வந்தாளா?”

“வரலை.”

“விளக்கு அணைஞ்சுபோச்சு. உன் விளக்கைக் கொஞ்சம் கொடேன்.”

“எண்ணெய் இல்லை.”

“கதவிடுக்குல வெளிச்சம் தெரியுதே!”

“அது எனக்கு வேணும். ஒரு மூட்டைத் துணி தேய்க்கக் கிடக்கு.”

“பச்சைக் குழந்தைம்மா! அதோட போர்வையைக்கூட எடுத்துக்காம போயிட்டா. இதோ, கையிலேயே வச்சுக்கிட்டு அலையறேன்.”

“வாசல்ல வச்சிட்டுப் போங்க. துவைச்சுத் தர்றேன்.”

எதிர் மாடி ஜன்னல் திறந்தது. ரொட்டிக் கடைக்காரர் மனைவி தலையை நீட்டினாள்.

“ஏன்டி, உன் நெஞ்சுல ஈரமே கிடையாதா? பெரிய மனுஷர் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறார். ஒரு விளக்குதானே கேக்கறார்!”

“உன் நெஞ்சுலதான் நிறைய இருக்கே அக்கா. உன் விளக்கை இறக்கிவிடேன்!” என்று உள்ளேயிருந்தே கத்தினாள் சலவைக்காரி.

ஜன்னல் சாத்திக்கொண்டது.

எழுத்தாளர் குரலைத் தாழ்த்தினார். “இதோ பாரு. குதிரை வண்டியில டாக்டர் காத்துக்கிட்டிருக்கார். இன்னிக்கே அவளைக் கொண்டுபோய் மனநோய் ஆஸ்பத்திரியில விட்டாகணும். குழந்தையை நான் பார்த்துப்பேன். கான்வென்ட்ல படிச்சவ. படிச்ச படிப்பு தலைக்கேறிடுச்சு. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எதையோ எழுதிக்கிட்டே இருக்கா.”

“புஸ்தகம் எழுதறவரே எழுத்தை வியாதின்னு சொன்னா எப்படிங்க ஐயா?”

கைத்தடி கதவில் ஓங்கி விழுந்தது.

“வாயை அடக்கு! நாளையிலிருந்து என் வீட்டு அழுக்குத் துணி மட்டுமில்லை, இந்தத் தெருவுல ஒருத்தர் வீட்டுக் கைக்குட்டைகூட உனக்கு வராது. பட்டினி கிடப்பே!”

“கிடந்துக்கறேன்.”

“கடைசியாக் கேக்கறேன். திறப்பியா, மாட்டியா?”

“மாட்டேன்.”

அவர் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் முதல் அவளுக்குத் துணி வரவில்லை. நாவல் வெளிவந்த பிறகு வந்ததெல்லாம் கூரைமேல் கல்தான். அப்போதும் அவள் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை.

நாவலில் அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. அது தப்பு. இஸ்திரிக்குக் கரி அடுப்பு கனன்றுகொண்டிருக்கும்வரை அவள் கதவைத் தாழிடுவதே கிடையாது. புகையில் மயங்கி விழுந்தால் யாராவது உள்ளே வந்து தூக்க வேண்டுமே. அன்றும் வெறுமனே சாத்தியிருந்த கதவைத்தான் ஒற்றைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தொட்டால் அது கிறீச்சிடும். அதுவரை கதவு தாழிடாமல்தான் இருந்தது என்று அவருக்குத் தெரிந்துபோகும்.

கையால் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் போதும், கதவு திறந்திருக்கும். ஆனால் அவரைப் போன்ற பெரிய மனிதர்கள் சலவைக்காரி வீட்டுக் கதவைக் கையால் தொடுவதில்லை.

வண்டிச் சக்கரங்களின் சத்தம் ஆற்றுப் பக்கமாகப் போய்த் தேய்ந்து மறைந்தது. அதற்கப்புறம்தான் அவள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். அவ்வளவு நேரமும் அதை ஓங்கிப் பிடித்திருந்தாள்.

“போயிட்டார்மா. வந்து தாழ்ப்பாளைப் போடு. என் கால் மரத்துப்போச்சு.”

கொடியில் தொங்கிய ஈரப் போர்வைகளுக்குப் பின்னாலிருந்து நான் எழுந்து வந்தேன். என் சுண்டுவிரலைச் சப்பியபடியே தூங்கிப்போயிருந்த குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு, நாவலில் ஆற்றோடு போய்விட்ட நான், ஒரே இழுப்பில் உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.