நாரை பிடித்த இடம்

சரணாலய வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, வேர்க்க விறுவிறுக்கச் சீட்டுச் சன்னலை அடைந்தார் அவர்.

“ரெண்டே நிமிஷம்மா. என் சான்றிதழ் ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு. மூணு மணிக்குள்ள வேட்புமனு கொடுக்கணும்.”

“உள்ளேருந்து ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது சார்,” என்றாள் சீட்டு கொடுப்பவள். “நாரை முட்டை போட்ட இடம் பாதுகாப்புப் பகுதி. சுற்றுலா வர்றவங்க பத்துப் பத்துப் பேரா கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம். சட்டமே இருக்கு.”

“அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்ததே நான்தாம்மா.”

அவள் பதறி எழுந்தாள்.

“எம்.எல்.ஏ. ஐயாவா? போன தேர்தலுக்கு அப்புறம் பார்க்கவே இல்லையா, அதான் அடையாளம் தெரியல.”

“அதை விடும்மா. ஊர்ல இத்தனை குளம் இருக்கு, இத்தனை மரம் இருக்கு. இந்த நாரைக்கு வேற இடமா கிடைக்கல?”

“அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி ஐயா. வருஷக்கணக்கா மனுஷ வாடையே படாத இடமாப் பார்த்துத்தான் கூடு கட்டுமாம்,” என்றபடி சீட்டைக் கிழித்து நீட்டினாள். “நேராப் போனா உங்க ஆபீஸ் ரூம். உங்க நாற்காலியிலதான் அடைகாக்குது. சத்தம் போடாமப் பாருங்க.”